பீலிக்கரை வால்வு

என் பெயர் இராசையா குகநேசன். கொட்டகலைக்கு அருகே நாம் ஒன்றாக வேலை செய்த ஐந்து மாதங்களும் நீங்கள் என்னைச் ‘சார்’ என்றே அழைத்தீர்கள். என் பெயரை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. இன்று சொல்கிறேன், ஏனெனில் இம்மடலின் நோக்கத்துக்கு அது தேவைப்படுகிறது. உங்களைப் பற்றி நான் எழுதிய விசாரணை அறிக்கையில் ஒரு வரி தவறானது. அதைத் திருத்தவே எழுதுகிறேன்.

நேற்று, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் புதிதாகப் பூட்டிய நீர் சுத்திகரிப்பு இயந்திரத்தைப் பரிசோதிக்கப் போயிருந்தேன். உதிரிச் சவ்வு ஒன்றின் உறையைக் கிழித்ததும், எரிந்து அணைந்த தீக்குச்சியின் மணம் எழுந்தது. சவ்வு பழுதாகாமல் இருக்க ஊற்றி அனுப்பும் மருந்தின் மணம் அது. நீங்கள் முதன்முதலில் அதை முகர்ந்த நாள் நினைவுக்கு வந்தது. “என்னா சார், பொட்டியில சீனவெடியும் சேத்து அனுப்பிட்டாங்களா?” என்று கேட்டீர்கள். நான் சிரிக்கவில்லை. உறையின் இலக்கத்தைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. தோட்டத்து ஊற்று நீரைப் போத்தலில் அடைத்து விற்க ஒரு நிறுவனம் வந்தது. இயந்திரத்தை நிறுவ நான் அனுப்பப்பட்டேன். தேயிலைத் தொழிற்சாலையின் எஞ்சின் அறையில் இருந்த உங்களை அதை இயக்க எடுத்தோம். உங்களுக்கு என்னைவிட ஏழெட்டு வயது அதிகம். அழுத்தமானியைப் பார்க்குமுன்பே பம்பியின் சத்தத்தைக் கேட்டு, “இன்னிக்கு இழுக்க கஷ்டப்படுது சார்” என்பீர்கள். மானியும் அதையே சொல்லும்.

பம்பி தள்ளும் நீரில் ஒரு பாதி சவ்வைக் கடந்து போத்தலுக்குப் போகும். மற்றப் பாதி உப்புகளைச் சுமந்துகொண்டு ஒதுங்கிவிடும். அந்த ஒதுக்கு நீரைக் குழாய் வழியே கீழே தோட்டத் தொழிலாளர் லயத்தின் பொதுக் குழாயடியான பீலிக்கு விட்டோம். லயத்துப் பெண்கள் காலங்காலமாகக் குளித்துத் துவைத்த பீலி அது. அதற்கு நீர் கொடுத்த ஊற்றைத்தான் நிறுவனம் எடுத்திருந்தது. பம்பி நிற்கும் நேரத்தில் அள்ளிக் குளிக்க, ஒதுக்கு நீரைப் பிடித்துவைக்கும் தொட்டி ஒன்றைக் குழாய்க்குக் கீழே கட்டியிருந்தோம்.

குழாயில் முதல் நீர் விழுந்த அன்று நாம் இருவரும் அங்கே நின்றோம். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பூமணி உங்களைப் பார்த்துக் கேட்டார்: “ஏண்ணே, நல்ல தண்ணிய போத்தல்ல அடச்சிட்டு, மெஷினு துப்புறத எங்களுக்கு ஊத்துறீங்களா?”

“துப்பல தாயி. அது குடிச்சது போக மிச்சம்.”

“அப்ப எச்சித் தண்ணின்னு சொல்லுங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெயரே நிலைத்தது.

சவ்வுகளில் படியும் கசட்டை மாதம் ஒருமுறை, தோலையும் கண்ணையும் அரிக்கும் காஸ்டிக் கரைசலால் கழுவ வேண்டும். கரைசலை உள்ளே ஊறவிட்டு, பிறகு பம்பியை இயக்கி ஒதுக்குக் குழாய் வழியே வெளியேற்ற வேண்டும். அதற்கு முன் ஒருவர் இறங்கிப் போய், நீர் பீலிக்குப் போகாமல் கழிவுக் கானுக்குத் திரும்பும்படி பீலிக்கரையிலுள்ள வால்வைத் திருப்ப வேண்டும். இதற்கான விதிகளை எழுதியவன் நான். ஞாயிற்றுக்கிழமை, போத்தல் வேலை இல்லாத நாள். காலை பத்து மணிக்கு முன் இயக்குபவர் வால்வைத் திருப்புதல். பத்து மணிக்குப் பம்பியை இயக்குதல். தட்டச்சுச் செய்து சுவரில் ஒட்டினேன்.

நீங்கள் அதை இரண்டு முறை வாசித்தீர்கள். “ஞாயித்துக்கெழம வேணாம் சார். மத்த நாள்ல பொம்பளைங்க கொழுந்தெடுக்க மலையில நிப்பாங்க. அன்னிக்கு ஒரு நாளுதான் லயத்துல இருக்காங்க, குளிக்கிறாங்க. அந்த வால்வையும் மேல பாத வளைவுல வச்சிருக்கலாம். அவங்க குளிக்கையில ஆம்பள நான் எப்படி சார் கீழ எறங்குறது?”

“வரைபடம் அங்கீகரிச்சாச்சு. இனி மாத்த ஏலாது. ஒன்பதே முக்காலுக்கே போங்கோவன். கால் மணித்தியாலம் காணாதோ?”

“காணும் சார், அவங்க எந்திரிச்சா. நான் திருப்பிட்டு மேல வந்து சொல்றேன். அப்புறம் போடுங்களேன்.”

“பத்து மணி எண்டு எழுதியிருக்கு.”

நீங்கள் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள். “தண்ணிக்கு மணி தெரியாது சார்” என்று மட்டும் சொன்னீர்கள்.

முதல் மூன்று மாதங்கள் ஒன்றும் நடக்கவில்லை. அந்த மூன்று மாதங்கள்தான் என்னைக் கெடுத்தன. என் விதி சரியானது என்பதற்கு அவற்றையே சான்றாக எடுத்துக்கொண்டேன்.

நான்காவது கழுவல் தீபாவளிக்கு முந்திய ஞாயிறன்று வந்தது. ஒரு கிழமை விடாமல் பெய்த மழை அன்று நின்றிருந்தது. மூடுபனி லயங்களை முழுதாக மறைத்திருந்தது. இயந்திர அறை வாசலில் நின்றால் கீழிருந்து துணி துவைக்கும் சத்தமும் சிரிப்பும் மட்டும் கேட்டன. “இன்னிக்கு வேணாம் சார். அத்தன பேரும் பீலியிலதான் இருக்காங்க” என்றீர்கள். கரைசல் ஏற்கெனவே உள்ளே ஊறிக்கொண்டிருந்தது. நான் தலையசைத்து மறுத்தேன். நீங்கள் ஒன்பதே முக்காலுக்கு இறங்கினீர்கள். சில அடிகளில் பனி உங்களை மூடிக்கொண்டது.

பின்னர் நடந்ததை விசாரணைக்கு வந்த பெண்கள் சொல்லித்தான் அறிந்தேன். நீங்கள் வழக்கப்படி வளைவிலேயே நின்று, பீலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, “தாயி, வால்வு திருப்பணும், கொஞ்சம் ஒதுங்குங்க” என்று குரல் கொடுத்திருக்கிறீர்கள். “இருங்கண்ணே, தலைய அலசிட்டு வாறோம்” என்று பதில் வந்திருக்கிறது. மறுபடி கூப்பிட்டிருக்கிறீர்கள். அவர்கள் சேலை சுற்றிக்கொண்டு வரும்வரை நின்றிருக்கிறீர்கள். வேறு எந்த ஆணும் அந்த இடத்தில் அதைத்தான் செய்திருப்பான்.

மேலே என் கடிகாரத்தில் பத்து ஆனது. கீழே சிரிப்பு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. பெண்கள் பீலியில் இருக்கிறார்கள் என்பதற்கு வேறு அறிகுறி வேண்டியதில்லை. நான் பொத்தானை அழுத்தினேன்.

சிரிப்பு நின்றது. பிறகு ஒரு குரல், அதற்குப் பிறகு உங்கள் குரல். நீங்கள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. பம்பியை நிறுத்த எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை நான் எங்கும் எழுதவில்லை.

குழாய்க்கு நேர் கீழே, கண்ணை மூடாமல் தலையை அலசிக்கொண்டிருந்தவர் பூமணி. இடது கண்ணில் பார்வை திரும்பவில்லை.

விசாரணையில் உங்களிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான்: வால்வு பத்து மணிக்கு முன் திருப்பப்பட்டதா? “பொம்பளைங்க குளிச்சிக்கிட்டு இருந்தாங்க சார்” என்றீர்கள். மேசையில் யாரோ சிரித்தார். நான் எழுதினேன்: ‘இயக்குபவர் உரிய நேரத்தில் வால்வைத் திருப்பத் தவறியமையே விபத்துக்குக் காரணம்.’ நீங்கள் தந்த எச்சரிக்கை எதையும் எழுதவில்லை. அது வாய்மொழி, பதிவேட்டில் இல்லை என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். உங்கள் வேலை போனது. லயத்தில் உங்களோடு எவரும் பேசவில்லை என்றும், நீங்கள் குடும்பத்தோடு கினிகத்தேனைக்குப் போய்விட்டீர்கள் என்றும் பின்னர் கேள்விப்பட்டேன். பம்பியை இயக்கியது யார் என்று எவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, கினிகத்தேனையில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு வால்வு வாங்க நுழைந்தேன். எடுத்துத் தந்தவர் நீங்கள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “வாசர் ரெண்டு கூடப் போட்டிருக்கேன் சார். தேவப்படும்” என்றீர்கள். நான் நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

நேற்று தலவாக்கலையில், இயந்திர அறைச் சுவரில் இயக்க விதிகளை ஒட்டியிருந்தார்கள். இரண்டாம் வரியிலேயே அடையாளம் தெரிந்தது. அவை என் சொற்கள். எவரோ எங்கிருந்தோ பிரதி எடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. குழாயைத் தொடர்ந்து இறங்கினேன். அது லயத்துப் பீலியில் முடிந்தது. வால்வு பீலிக்கரையில், பெண்கள் துணி வைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. முதல் கழுவல் வரும் ஞாயிறு. மேலே பொறுப்பாளர் என் கையொப்பத்துக்காகக் காத்திருந்தார். “எல்லாம் விதிப்படிதான் சார் செஞ்சிருக்கோம்” என்றார்.

நான் கையொப்பமிடவில்லை. திரும்பும் வழியில் கினிகத்தேனையில் இறங்கி உங்களைத் தேடினேன். நீங்கள் சென்ற மார்கழியில் இறந்துவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார்.

ஆகவே உங்களிடம் சொல்ல வேண்டியதை இங்கே சொல்கிறேன். நீங்கள் தவறவில்லை. வால்வைப் பிழையான இடத்தில் வைத்தவனும், பிழையான நாளைக் குறித்தவனும், சிரிப்புச் சத்தம் காதில் விழுந்தும் பம்பியை இயக்கியவனும் நான்.

நாளை காலை தலவாக்கலைக்குப் போய் அந்தத் தாளைச் சுவரிலிருந்து கிழிப்பேன். வால்வு மேலே வளைவுக்கு வரும்வரை, கழுவல் வேலை நாளுக்கு மாறும்வரை, அந்தப் பம்பியை எவரும் இயக்க விடமாட்டேன். பழைய அறிக்கைக்கு என் பெயரில் திருத்தம் எழுதி நிறுவனத்துக்கும், கினிகத்தேனையில் உங்கள் மனைவிக்கும் கொடுப்பேன். பிறகு கொட்டகலைக்குப் போவேன். பூமணியின் லயத்து வாசலில் நின்று, அன்று பொத்தானை அழுத்தியது நான் என்று சொல்வேன். அவர் சொல்ல இருப்பதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே நிற்பேன்.