ஈரச்சாக்கு

கோவில்பட்டி
03.03.2025

அன்புள்ள மயிலுக்கு,

நலம். கயத்தாற்றில் உன் அம்மா வீட்டில் நீயும் பிரித்திகாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் என் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பதால்தான் இந்தத் தபால். கோபித்துக்கொள்ளாதே.

வீட்டு முகப்புக்கு வேலை ஆரம்பிக்கப் போகிறேன். கான்ட்ராக்டர் வேல்ராஜ் சுவரை மூடும் ஷீட்டை மூன்று நிறத்தில் காட்டினார். ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் சூட்டைத் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சு வைத்து மூடிவிடுவாராம். "அண்ணாச்சி, உள்ள குளுகுளுன்னு கெடக்கும்" என்கிறார். வீடு கொதிக்கிறது என்று ஒன்பது வருஷம் சொன்னாய். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த உறுத்தல் இப்போதுதான் வந்திருக்கிறது. மாதிரித் துண்டுகளை இத்துடன் வைத்திருக்கிறேன். நிறத்தை நீதான் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் வந்துவிடு.

உன்
யோகராஜ்


கயத்தாறு
10.03.2025

பிரித்திகாவின் அப்பாவுக்கு,

துண்டுகள் வந்தன. பிரித்திகா அவற்றை வைத்துப் பொம்மைக்கு வீடு கட்டிவிட்டாள். அதனால் திருப்பி அனுப்பவில்லை.

நம் வீட்டு முகப்பு கிழக்கே பார்த்தது. உச்சிக்கு மேல் அங்கே வெயிலே கிடையாது. கொதிப்பது அடுப்படியின் மேற்குச் சுவர். மோட்டார் காயில் கட்டும் கடையை விட்டு ஒரு நாளாவது நாலு மணிக்கு வீட்டுக்கு வந்திருந்தால் தெரிந்திருக்கும். தெருவுக்குத் தெரிகிற சுவரை மூடுகிறீர்கள். தாராளமாக மூடுங்கள். எனக்காக என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அந்தச் சுவருக்கு நான் கண்டுபிடித்த மருந்து ஈரச்சாக்கு ஒன்றுதான். வெளிப்பக்கம் இரண்டு ஆணி அடித்துத் தொங்கவிட்டு, மத்தியானம் ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை நனைப்பேன். பிரித்திகா காதுகுத்து அன்று உங்கள் பெத்தம்மாள் அக்கா அதைக் கழற்றி எறிந்துவிட்டார். பாயசம் கிண்டும்போது மயங்கி விழுந்தேன். "ஏட்டி, வந்தவிய முன்னால நடிக்காத" என்றீர்கள். மயக்கம் தெளிந்து எழுந்ததும் மதினியைக் கண்டபடி வைதேன். அன்று விட்ட பேச்சு விட்டதுதான். ஆனால் நான் பெட்டியைத் தூக்கியது மதினியால் இல்லை, உங்களுடைய அந்த ஒரு வார்த்தையால்.

வள்ளிமயில்


கோவில்பட்டி
17.03.2025

அன்புள்ள மயிலுக்கு,

நேற்று மூன்றரைக்கே கடையைப் பூட்டிவிட்டு வந்தேன். அடுப்பைப் பற்றவைத்து உப்புமா கிண்டினேன். ரவை வேகுமுன்னே சட்டை தொப்பலாகி வாசலுக்கு ஓடிவந்துவிட்டேன். பிறகு வெளியே போய் மேற்குச் சுவரில் கை வைத்தேன். பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். உன் இரண்டு ஆணியும் அப்படியே இருக்கின்றன.

ஒன்று சொல்ல வேண்டும். எழுதி எழுதி இரண்டு தாளைக் கிழித்தாயிற்று. சாக்கைக் கழற்றியது அக்கா இல்லை. நான்தான். பின்வாசலில் பந்தி, கடைக்கு மோட்டார் அனுப்பும் மில்லிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள், அழுக்குச் சாக்கு தொங்கினால் அசிங்கம் என்று விடியற்காலையிலேயே கழற்றிக் குப்பையில் போட்டேன். நீ அக்காவை வைதபோது பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. பதினொரு மாதமாக இது என்னை அரிக்கிறது.

முகப்பு வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பஞ்சும் ஷீட்டும் மேற்குச் சுவருக்கு மட்டும். என்னை மன்னிப்பாயா?

யோகராஜ்


கயத்தாறு
28.03.2025

பிரித்திகாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த கையோடு மதினி வீட்டுக்கு, பசுவந்தனைக்கு பஸ் ஏறினேன். மதினி கடலை உரித்துக்கொண்டிருந்தார். "மதினி, உங்களத் தப்பா வஞ்சிட்டேன்" என்றேன்.

"எனக்குத் தெரியும்ட்டி. அவன் கழத்துனத நாந்தான் பாத்தேன்ல. விசேஷ வீட்டுல புருசன் பொஞ்சாதிக்குள்ள சண்ட வேண்டாம்னு வாய மூடிக்கிட்டேன். அவனா வந்து ஒரு வார்த்த சொல்லுவான்னு பாத்தேன், இன்னும் வரல" என்றார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

மன்னிப்பாயா என்று என்னிடம் கேட்கிறீர்கள். அவரிடம் கேட்டீர்களா? முதலில் பசுவந்தனைக்குப் போங்கள். தபால் வேண்டாம், நேரில் போங்கள்.

ஷீட் வெள்ளை நிறத்தில் இருக்கட்டும். வேல்ராஜ் வேலையை முடிக்கிறவரை அந்த ஆணியில் சாக்கைத் தொங்கவிட்டு நீங்களே நனையுங்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் கழற்றக் கூடாது. ஒரு நாள் நாலு மணிக்குச் சொல்லாமல் வந்து தொட்டுப் பார்ப்பேன்.

வள்ளிமயில்