பங்குனியில் எரிந்த புல்

பாய்,

இன்று காலை கல்யாண மண்டபத்துப் புல்வெளியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். வெட்டுப்பட்ட அருகம்புல்லின் வாசம் எழுந்ததும் கை தானாக நின்றுவிட்டது. நீ மௌத்தாகி, மண்ணுக்குள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

இந்த இடத்தில் நாம் முதலில் விதைத்தது வேறு புல். ஊட்டிக்குப் போய்வந்த ஓனர், அங்கே பார்த்த மாதிரியே தனக்கும் வேண்டும் என்றார். நான் தலையாட்டிவிட்டு அங்கிருந்தே விதை வரவழைத்தேன். கார்த்திகை மழை விட்டதும் தூவினோம். முளைத்ததில் ஒன்றைப் பிடுங்கி, நடு இலை சுருண்டு வருவதைக் காட்டினாய். இலையின் ஓரத்தை என் உள்ளங்கையில் இழுத்தாய், சொரசொரவென்று இருந்தது. ஊட்டித் தோட்டங்களில் ஆறு வருடம் வேலை பார்த்தவன் நீ.

"இது அங்க மாட்டுக்குப் போடற புல்லுபா. புல்தரையாவும் விடுவாங்க. பனியவே தாங்கும், நம்ம பங்குனிய தாங்காது. ஓனராண்ட இப்பவே சொல்லிடு."

சொல்லவில்லை. மார்கழியில் அது தளதளவென்று வந்தபோது ஓனர் என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலை இழக்க எனக்கு மனசு வரவில்லை. பங்குனியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன், பெரிய புத்திசாலி.

பங்குனி வந்தது, அதோடு உன் நோன்பும் வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், வெயிலில் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஊற்ற ஊற்றப் புல் மஞ்சளாகி வைக்கோலாயிற்று. கருகிய இடங்களில், தாமல் ஏரிக்கரையிலிருந்து அருகம்புல் கொடிகளைக் கொண்டுவந்து, யாரிடமும் சொல்லாமல் நட்டுக்கொண்டும் இருந்தாய்.

"இன்னாய்யா இது?" என்று ஓனர் கத்தினார். நீ என்னைப் பார்த்தாய். நான் அவரைப் பார்த்தேன்.

"பாய் தண்ணி சரியா ஊத்தலைங்க. நோன்பு பாருங்க, முடியல போல" என்றேன்.

இரக்கப்படுகிறவன் மாதிரி வேறு சொன்னேன். அதை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது. நீ பைப்பைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு போனாய். அன்றோடு உன் வேலை போயிற்று. அப்புறம் தெருவில் பார்த்தபோதெல்லாம் "நல்லா இருக்கியாபா?" என்றுதான் கேட்டாய். ஒரு தடவையாவது திட்டியிருக்கலாம்.

நீ நட்ட அருகுதான் ஆடி மழையில் ஓடிப் பரவி இடத்தை நிறைத்தது. பேர் எனக்கு வந்தது. நானும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

இன்று மெஷின் நின்றதைப் பார்த்து ஓனர் வந்தார். "நல்லா புடிச்சிக்கிச்சு இல்ல?" என்றார்.

"இது பாய் வெச்சதுங்க." எப்படியோ வாயில் வந்துவிட்டது.

"எந்த பாய்?" சற்று யோசித்தார். "ஆங், அந்தத் தண்ணி ஊத்தாத பாயா?"

உன் பெயர் அவருக்கு நினைவில்லை. என் பொய் மட்டும் அப்படியே இருக்கிறது.

"ஊத்தினாருங்க. நோன்போட நின்னு ஊத்தினாரு. விதை என் தப்பு, நான்தான் பொய் சொன்னேன்."

"உடுய்யா, அது எப்பவோ. இப்ப புல்லு நல்லாதானே இருக்குது?" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

நன்றாகத்தான் இருக்கிறது, பாய். நீ மாட்டிவிட்டுப் போன ஆணியில்தான் பைப் இன்னும் தொங்குகிறது. அதைக் கையில் எடுத்தாலே எனக்கு வாய் வறண்டுவிடுகிறது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் அது போவதில்லை.