ஐந்து படிக்கு ஒரு சரிவு

டிசம்பர் 3, புதன்

காலையிலிருந்து பனி. எதிர்வீடு தெரியவில்லை. ரெஜினாவுக்கு இன்சுலின் வாங்கியாச்சு. எனக்கு முழங்கால் தைலம், மறந்தேன்.

டீக்கடையில் ஒரு நோட்டீஸ். சாம்பியன் ரீப்ஸில் அந்தக் காலத்து வெள்ளைக்காரத் தங்கச் சுரங்கச் சூப்பரின்டெண்டன்ட் பங்களா இருக்கிறதே, அதன் தோட்டம் இந்த ஞாயிறு ஒருநாள் மட்டும் எல்லாருக்கும் திறப்பு. டாலியா, ரோஜா என்று ஏதேதோ. சும்மா படித்துக் காட்டினேன்.

"நானும் வரேங்க" என்றாள்.

சர்க்கரையில் வலது காலை எடுத்து, வீல்சேரில் உட்கார்ந்து இரண்டு வருஷம். ஆஸ்பத்திரி தவிர எங்கும் வந்தவளில்லை. கோயிலுக்குக்கூட இல்லை. அவளாக வாய்திறந்து கேட்டது இதுதான் முதல் தடவை. வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன்.

டிசம்பர் 4, வியாழன்

பங்களாவுக்குப் போய்ப் பார்த்தேன். கேட்டைத் தாண்டியதும் ஐந்து கல்படி, அதற்கு மேல் தோட்டம். வேறு வழி கிடையாது. வெள்ளைக்காரனுக்கு முட்டிவலியே வராதா?

வாட்ச்மேன் கன்னடக்காரர், நல்ல மனுஷன். ஓனரிடம் போனில் கேட்டுச் சொன்னார். சரிவு போட்டுக்கலாம், படியை உடைக்கக் கூடாது.

வேண்டியவை: செங்கல், மணல், சிமென்ட் ரெண்டு மூட்டை, முனுசாமி.

முனுசாமியும் நானும் நந்திதுர்க் மைனில் ஒரே ஷிஃப்ட். பூமிக்கடியில் தண்டவாளம் போட்டவர்கள். எங்களுக்கா சரிவு தெரியாது!

டிசம்பர் 5, வெள்ளி

முடிந்தது. நீளம் ஏழடி. அதற்கு மேல் நீட்டினால் கேட்டை மூட முடியாது. இடுப்பு விட்டுப்போச்சு.

வாட்ச்மேன் பார்த்துவிட்டு, "ஜாஸ்தி ஏறு, அண்ணா" என்றார். ஏற்றம் அதிகமாம்.

முனுசாமி சிரித்தான். "யோவ், ஒரு டன் கல்லு ரொம்புன வண்டியையே இதவிட செங்குத்துல இஸ்துனு போனவங்க நாங்க. அக்கா இன்னா வெயிட்டு இருந்துடப் போறாங்க?"

கயிறு கட்டி இழுப்பதாக முடிவு. மேலே பழைய ஷிஃப்ட் ஆட்கள் ரெண்டு பேர், பின்னால் நான். விசில் மு. கையில். பழைய சிக்னல்தான். ஒன்று நிறுத்து, இரண்டு இழு.

ரெ.யிடம் மூச்சுவிடவில்லை. நேரில் பார்த்து அசரட்டும்.

டிசம்பர் 7, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை.

நீலப் பட்டுப்புடவை. பவுடர். ஆட்டோவில் வழியெல்லாம் பேச்சு. சரிவைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இன்னாங்க, செவுரு மாதிரி கீது?"

"பயப்படாத. நாங்க இல்ல?"

சேரின் முன்கம்பியில் கயிறு. இரண்டு விசில். இழுத்தார்கள். பாதி தூரத்தில் முன்சக்கரம் இரண்டும் மேலே தூக்கிக்கொண்டன. "நிறுத்துங்க, நிறுத்துங்க"ன்னு கத்தினாள். மேலே இருந்தவர்கள் நிறுத்தவில்லை. விசில் வந்தால்தான் அவர்கள் கை நிற்கும், முப்பது வருஷப் பழக்கம். முனுசாமியோ பதற்றத்தில் விசிலைக் கீழே போட்டுவிட்டுத் தேடிக்கொண்டிருந்தான்.

சேர் பின்பக்கமாகச் சாய்ந்து என் மேல் விழுந்தது. அவளும். எலும்பு ஒன்றும் உடையவில்லை, முழங்கை சிராய்ப்பு. ஆனால் புடவை ஒதுங்கி, வெட்டின கால் எல்லார் கண்ணிலும் பட்டது. அவள் இரண்டு கையாலும் அதை மூடப் பார்த்தாள். "அய்யோ பாவம்" என்றாள் ஒருத்தி. ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

தோட்டம் பார்க்கவில்லை. வீடு வரும்வரை புடவையை இழுத்து இழுத்துக் காலை மூடிக்கொண்டே வந்தாள்.

டிசம்பர் 8, திங்கள்

சாப்பிடவில்லை. ஊசி மட்டும் போடவிட்டாள். மு. வாசலோடு வந்து போனான், உள்ளே வர முகமில்லை. சாயங்காலம் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எவ்ளோ சரிவு இருந்தா ஏறுவேன்னு என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா? ஒக்காந்துனு இருக்கறது நான்தானே? கல்லா ஏத்துனீங்க?"

பஞ்சை எடுத்து அவள் முழங்கையைத் துடைக்கப் போனேன், கையை இழுத்துக்கொண்டாள்.

"நம்ம வாசப்படிக்கு ஒரு பலக போட்டுக் குடுங்கன்னு ரெண்டு வருஷமா கேக்கறேன். நாளைக்கி, நாளைக்கின்னீங்க. வெள்ளக்காரன் படிக்கு ஒரே நாள்ல சிமிட்டி போட்டீங்களே."

உண்மை. நான்தான் வெளியே தூக்கி வைக்கிறேனே, பலகை எதற்கு என்று இருந்துவிட்டேன். அவள் தனியாக வாசலுக்கு வர ஆசைப்படுவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சீ.

டிசம்பர் 9, செவ்வாய்

பனி. ஆறு மணிக்கே எழுந்து, மிச்ச சிமென்ட் மூட்டையை வாசலுக்கு இழுத்து வந்தேன். படியின் உயரம் அளந்தேன். பிறகு உள்ளே போய்க் கேட்டேன்.

"ரெஜினா, எவ்ளோ நீளம் போடட்டும்? நீயே சொல்லு."

திரும்பவில்லை.

"போன வாரம் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இனிமே நான் எங்க போவப் போறேன்? சேர யாருக்காவது குடுத்துடுங்க."