உன் அத்தையும் நான் பிடுங்கிய வயரும்

லைமா, ஒஹையோ
மார்ச் 9, 1954

அன்பு மகள் வெர்னாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, நாய் மூவரும் நலம். என் முதுகு மட்டும் நலமில்லை, அது வருஷம் முழுக்க இருக்கிறதுதானே, அதைப் போய் எழுதாதீங்க என்கிறாள் அம்மா. அலாஸ்காப் பனியில் நீ சளி கிளி பிடிக்காமல், ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். அங்கே இன்னும் டெலிவிஷன் வரவில்லை என்று எழுதியிருந்தாய். நல்லதாகப் போயிற்று. உன் அப்பன் மானம் நாடு முழுக்கப் போன பிறகு அது மிச்சமிருந்த ஒரே இடம் உன் ஊர்தான், அதையும் இப்போது நானே எழுதிக் கெடுத்துக்கொள்கிறேன்.

எல்லாம் உன் ஓப்பல் அத்தை விஷயம். அவள் ஊமைப் படத்தில் நடித்த காலத்தில் வயலட் டுவேன் என்று பெயர் வைத்துக்கொண்டு எத்தனை தண்டவாளத்தில் கட்டப்பட்டாள், எத்தனை மாடியிலிருந்து மயங்கி விழுந்தாள் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். பேசும் படம் வந்ததும் அவள் வாயைத் திறந்தாள், உள்ளே எங்கள் குடும்பக் குரல்தான் இருந்தது, எண்ணெய் போடாத கதவு மாதிரி. ஸ்டுடியோக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டு அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு இருபது வருஷம் தொப்பிக் கடையில் நின்றாள். அப்புறம்தான் இந்த ஃபிராஸ்ட்வெல் ஃபிரிட்ஜ் கம்பெனி அவளைக் கூப்பிட்டு, டெலிவிஷனில் கதவைத் திறந்து மூடிப் பேசச் சொன்னது. அதே குரல் இப்போது பக்கத்து வீட்டு அக்கா குரல் மாதிரி நம்பிக்கையாக இருக்கிறதாம். பெரிய மனிதர்களின் காதுக்கு என்னதான் வைத்தியமோ!

போன மாதம் அத்தை போன் செய்து அழுதாள். விளம்பர மேனேஜர் கிரிம்ஷா என்று ஒருவர், மீசை வளர்ப்பதே தன் முதல் வேலை என்று நினைக்கிறவர், அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லையாம். அவளுக்குப் பதிலாக ஒரு சின்னப் பெண்ணைக் கொண்டுவரப் பார்க்கிறாராம். இந்த வயசுல எனக்கு மறுபடி தொப்பிக் கடைதானாடா, கடைசி நிகழ்ச்சிக்காவது நம்ம மனுஷன்னு ஒருத்தன் அங்க வந்து நில்லுடா என்றாள். அம்மா என்னைக் குளிக்க வைத்து, செர்ரி கேக் ஒன்றைக் கையில் கொடுத்து, நியூயார்க் ரயிலில் ஏற்றிவிட்டாள்.

அம்மாடி, அந்த டெலிவிஷன் ஸ்டுடியோவில் எல்லாமே பொய். விளக்குச் சூட்டில் ஐஸ்கிரீம் உருகிவிடும் என்று கிண்ணத்தில் மசித்த உருளைக்கிழங்கை வைத்திருந்தார்கள். தெரியாமல் ஒரு ஸ்பூன் நான் தின்றும் விட்டேன். கேக் கெட்டுவிடுமே என்று ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன், உள்ளே குளிரே இல்லை. பின்னால் பார்த்தால் வயர் தரையில் கிடந்தது. இத்தனை பெரிய கம்பெனி கரண்ட் கொடுக்க மறந்துவிட்டதே, பாவம் ஓப்பல், ஆணிக்கடையில் வேலை பார்க்கிற எனக்குத் தெரியாத மின்சாரமா என்று, பக்கத்து பிளக்கில் இருந்த வேறொரு வயரைப் பிடுங்கிவிட்டு இதைச் செருகினேன். மோட்டார் இரைச்சல் மைக்கில் விழும் என்பதால் அவர்கள் எப்போதும் ஃபிரிட்ஜை ஓடவிடுவதில்லையாம். நான் பிடுங்கியது அந்த மைக்கின் வயராம். இதெல்லாம் எனக்குப் பிறகு நிறைய கெட்ட வார்த்தைகளோடு விளக்கப்பட்டது.

நேரடி ஒளிபரப்பு, நிறுத்த வழியில்லை. படம் போகிறது, சத்தம் போகவில்லை. கிரிம்ஷா தலையில் கை வைத்துக்கொண்டார். ஆட்கள் தரையில் தவழ்ந்து வயரைத் தேடினார்கள். அத்தைக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. பேச்சை நிறுத்தினாள். நெற்றி வியர்வையை வழித்தாள், ஒற்றை விரலால் கதவைத் திறந்தாள், உள்ளே இன்னும் வராத குளிருக்கு மேலெல்லாம் சிலிர்த்தாள். அப்போது கேக்கைப் பார்த்துவிட்டாள். புருஷன் வருகிறானா என்று இரண்டு பக்கமும் திருட்டு முழி முழித்து, ஒரு துண்டைப் பிய்த்துத் தின்று, கண்ணை மூடிச் சொக்கி, சத்தமே வராமல் கதவைச் சாத்திவிட்டுக் கண்ணடித்தாள். கேமராக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். எனக்குத்தான் ஏனோ கண் கலங்கியது.

உடனே கம்பெனி முதலாளிக் கிழவரிடமிருந்து போன். எங்க வீட்டம்மா இன்னிக்குத்தான்யா விளம்பரம் முடியிற வரைக்கும் எழுந்து போகாம உக்காந்திருந்தா, யார் யோசனை இது என்றாராம். என்னோடதுதான் சார், ரொம்ப நாளா மனசுல வச்சிருந்தேன் என்றார் கிரிம்ஷா, என்னைப் பார்த்துக்கொண்டே. போனை வைத்துவிட்டு அத்தையிடம், இனி எல்லா வாரமும் இப்படித்தான், நீங்க வாயே திறக்கக் கூடாது என்றார். அத்தை கையைத் துடைத்துக்கொண்டு, முதல்ல ரெண்டு வருஷ ஒப்பந்தம் கொண்டு வாங்க தம்பி, கையெழுத்து ஆகுற வரைக்கும் மூச்சு விடமாட்டேன் என்றாள். மறுநாளே கையெழுத்தாயிற்று.

அடுத்த வாரம் நாங்கள் வீட்டில் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருந்தோம். அத்தை வந்தாள், சிரித்தாள், கதவைத் திறந்தாள். பிறகு வாயையும் திறந்தாள். போன வாரம் சத்தம் வரலைன்னு உங்க பெட்டியை எல்லாம் தட்டித் தட்டிப் பாத்திருப்பீங்க, பெட்டி மேல தப்பில்லைங்க, யாரும் யோசிச்சுச் செஞ்சதும் இல்லை, லைமா ஊர் ஆணிக்கடையில நிக்கிற என் தம்பி ஹார்லன் வயரைப் பிடுங்கிட்டான், அவன் புண்ணியத்துலதான் நான் இங்க நிக்கிறேன் என்றாள். கிழவருக்கு அந்தக் குரலும் பிடித்துப்போயிற்றாம். கிரிம்ஷா இப்போது மீசையை எடுத்துவிட்டதாகக் கேள்வி.

கடைக்கு வருகிற ஒவ்வொருவனும், ஹார்லன், ஒரு பிளக் குடுய்யா, ஆனா நீ கை வைக்காம குடு என்கிறான். அம்மாவுக்கு ஒரே குறைதான். வயரைப் பிடுங்கியவன் பெயரைச் சொன்னவள் கேக் செய்தவள் பெயரைச் சொல்லவில்லையாம். நீ அத்தைக்கு எழுதும்போது நாசூக்காக இதைச் சொல்.

கடவுள் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும் கண்ணே. கம்பளிச் சட்டையை உள்ளேயும் ஒன்று போட்டுக்கொள். ஆஸ்பத்திரியில் எந்த வயர் தரையில் கிடந்தாலும் அது கிடக்கட்டும், தாண்டிப் போய்விடு. நம் ரத்தம் அது.

நாடறிந்த உன் அப்பா,
ஹார்லன் ஸ்டக்கி