கோள் சொன்ன கார்

மார்ச் 3, செவ்வாய்

செத்துப்போன என் மூன்று காளைகள்மேல் ஆணை: இனி எழுதப்போவதை ஈ காக்கைகூட நம்பாது.

தங்கை மகள் லுங்கிலே தன் காரோடு வந்து இறங்கினாள். இடது கண் வீங்கியிருந்தது. வலது கண்ணில் ஹோவிக் அருவியே கொட்டியது. புருஷன் முசாவின் கைவேலை.

"கொஞ்சம் ஈரம் குடுங்க மாமா."

தண்ணீரைத்தான் கேட்கிறாள். எங்கள் ஊர்ப் பேச்சில் தண்ணீர் 'அமன்ஸி'. அவள் மாமனார் பெயர் மன்ஸி. மாமனார் பெயரின் ஓசைகூட மருமகள் வாயில் வரக்கூடாதே! கல்யாணமான ஒன்பது வருஷமாக அவளுக்குத் தண்ணீர், ஈரம்தான்.

போன மாதம்தான் இந்தத் தைலமரத் தோப்புக் காவலுக்கு வந்தேன். முசாவுக்கு இந்த இடம் தெரியாது. சிறுத்தையே வழி கேட்டுத்தான் வரவேண்டும்.

மார்ச் 5

"தைலமரக் காத்து ஒத்துக்குதா?" அவள் போனுக்கு முசா அனுப்பியிருக்கிறான். யார் சொன்னது? நாய்களை விசாரித்தேன். கோழிகளையும்.

மார்ச் 6

பட்டப்பகலில் கார் தானாக ஹார்ன் அடித்தது. உள்ளே ஆளில்லை! தடியோடு போய் என் குலப்பெயர்கள் பதினேழையும் முழங்கினேன். விளக்கைச் சிமிட்டியது, திமிர்.

லுங்கிலே வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவருதான் மாமா. போன்லருந்து அமுக்குறாரு. கார் எங்க போகுது, எங்க நிக்குது, எல்லாம் அவருக்குத் தெரியுது."

"உன் காசுல வாங்கின காருடீ!"

"கார் ஆப்புல கணக்கு மாமனார் பேர்ல. வாங்கின அன்னிக்கு எல்லாத்துக்கும் 'சம்மதம்'னு தட்டினது என் புருஷன். என்னை யாரு கேட்டா?"

மார்ச் 7, மாலை

காலையில் முசா: "மதியம் வரேன்."

கம்பெனிக்குப் போன் போட்டோம். வண்டி எண், அவள் அடையாள எண், எல்லாம் சரி. "கணக்கு யார் பேர்ல இருக்கு மேடம்?"

மாமனார் பேர்! அவள் என்னைப் பார்த்தாள்.

"நான் சொல்றேன்—"

"ஓனர்தான் சொல்லணும் சார்."

உதடு அசைந்தது. நின்றது. மணி பதினொன்று. சொல்லுடி தாயி, சொல்லித் தொலையேன்—

"மன்ஸி," என்றாள். பிறகு தோப்பே அதிர: "மன்ஸி! அவரையும் எடுங்க, அவர் மகனையும் எடுங்க!"

கணக்கிலிருந்து இருவரையும் எடுத்தார்கள். கார்த் திரை புதிதாகக் கேட்டது: தகவலைப் பகிரச் சம்மதமா? 'இல்லை'யை விரல் ஒடியக் குத்திவிட்டுக் கிளம்பினாள். எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. என் வாய் எனக்குத் தெரியாதா?

முசா வந்தான். "கார் எங்க?"

"மலைப்பாம்பு முழுங்கிடுச்சுப்பா. இதோ தடம்." டயர்த் தடத்தைக் காட்டினேன். போனைத் தட்டினான், தட்டினான். ஒன்றும் வரவில்லை. நாய்கள் அவனைச் சாலைவரை வழியனுப்பின.

மார்ச் 9

லுங்கிலே பேசினாள். "சேர்ந்துட்டேன் மாமா. வந்ததும் ரெண்டு டம்ளர் அமன்ஸி குடிச்சேன்."

மலைப்பாம்பு அளப்பு. குலப்பெயரும் பதினொன்றுதான். மற்றதையும் நம்பவேண்டாம், போங்கள். தண்ணீரை அவள் தண்ணீர் என்றாள். அந்தச் சின்னது மட்டும் சத்தியம்.