காருக்குக் கட்டிய கூடை

மார்ச் 3, திங்கள்

பால் லொறி இனி மேலே எங்கள் லயத்து வீடுகள்வரை ஏறாதாம். விடிந்ததும் கீழே சந்தியில் நிற்குமாம். பிந்தினால் பால் நம் தலையில். என் தோள் தேயிலைக் கொழுந்துக்கூடை சுமந்தே ஓய்ந்துவிட்டது. வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி. கேனைத் தூக்க ஆளில்லை, சீதேவியை விற்றுவிடலாம் என்கிறார். பசுவை விற்பாராம், அந்த ஓட்டை ஆல்ட்டோவை விற்கமாட்டாராம்!

"காரு புல்லு திங்காது ஜீவா."

"அது பால் கறந்தா சொல்லுங்க" என்றேன்.

மார்ச் 5

கேனைக் காருக்குள் வைத்தோம். முதல் வளைவிலேயே பாலாபிஷேகம், இவருக்கும் சேர்த்து.

மார்ச் 7, வெள்ளி

வட்டவளை வீரம்மாக்கா சீதேவியைப் பார்க்க வந்தார், கையில் புதுக் கயிற்றோடு. விற்கிறவள் தன் கயிற்றைக் கொடுத்தால் பட்டி வெறுமையாகிவிடும் என்பார்கள். அதனால் வாங்குகிறவர்தான் கொண்டுவர வேண்டும். நான் தேத்தண்ணி, பிஸ்கட், மழை என்று பேச்சை இழுத்தேன்.

"ஒனக்கு மனசு வரல. சரி, கயிறு இங்கயே கெடக்கட்டும். பௌர்ணமி போயா கழிஞ்சு, அடுத்த வெள்ளி வந்து புடிச்சிக்கிட்டு போறேன்."

கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். சீதேவி அதை முகர்ந்து தும்மியது. ஒரே வாரம்தானே இருக்கிறது – நான் என்ன செய்வேன்?

மார்ச் 8

கினிகத்தேனை டவுனில் வெல்டிங் ஆண்டியப்பனிடம் போனோம். கேன் வைக்க இவருக்குக் கார்க் கூரைமேல் கரியர்தான் வேண்டுமாம், டூரிஸ்ட்காரர்கள் மாதிரி. நிறைந்த கேனைத் தலைக்கு மேலே யார் தூக்குவது, இவர் முழங்காலா? அப்படியானால் பின்னால் இழுக்கிற குட்டி வண்டி என்றார்.

ஆண்டியப்பன் காரைச் சுற்றி வந்தான். "அண்ணே, இந்தச் சின்ன காரு தன்னையே இழுக்குறது பெரிய காரியம். அடியில சேசிச் சட்டத்தோட சேத்து ஒரு கொக்கி போடுவோம். அதுல தட்டுக் கரியர சொருகிக்கலாம், வேணாங்கிறப்போ கழட்டிக்கலாம். பம்பர்ல மட்டும் கட்டாதீங்க, பம்பர் கையோட வந்துரும்."

எனக்குப் பிடித்துவிட்டது. ஒன்றுதான் சொன்னேன்: புகை பாலில் படும், நன்றாகத் தள்ளி வை. ஆண்டியப்பன் தலையைச் சொறிந்தான். நான் விடவில்லை. ஒரு முழம் தள்ளி வைத்தான்.

மார்ச் 10

கேன் இறங்கும்போது ராஜா மாதிரி இறங்கியது. ஏறும்போதுதான் கூத்து. புண்ணாக்கு மூட்டையைப் பின்னால் ஏற்றினோம். லயத்து மேட்டில் முன்சக்கரம் சும்மா சுற்றுகிறது, கார் நகரமாட்டேன் என்கிறது. மூக்கு வானத்தைப் பார்க்கிறது.

"என்னாக்கா, காருக்கு சாமி வந்துருச்சா?" – ராக்காயி. பக்கத்து வீட்டுக்காரி, வாய் சும்மா இருக்காது.

மூட்டையை இறக்கி நானே இழுத்துக்கொண்டு ஏறினேன். கார்தான் சரியில்லை என்று இவரைத் திட்டினேன். இவர் கொட்டகைப் பக்கம் போய்க் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். போச்சா? அவ்வளவுதானா?

மார்ச் 11

மலையில் புதுசா வந்த பெண்ணொருத்தி, கூடை தொங்கத் தொங்க ஏறினாள். பழைய பழக்கம், கத்திவிட்டேன்: "ஏ புள்ள, கூடைய முதுகோட ஒட்டிப் போடு! மல்லாக்க இழுத்துரும்!"

கத்திய வாய் அப்படியே நின்றது. ஐயோ, கரியரை ஒரு முழம் தள்ளி வைக்கச் சொன்னது யாரு? நாந்தானே!

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"அப்ப தப்பு காருல இல்ல?"

"இல்லைங்க."

"சரியா கேக்கல, இன்னொருவாட்டி சொல்லு."

மூன்று தடவை சொல்லவைத்தார், மனுசன்.

மார்ச் 12

ஆண்டியப்பன் வெட்டிச் சுருக்கிவிட்டான். தட்டு இப்போது காரின் முதுகோடு ஒட்டியிருக்கிறது. புகைக்குழாயின் வாயை ஓரமாகத் திருப்பினான், அவ்வளவுதான் வேலை. "அன்னைக்கே சொல்ல நெனச்சேன்க்கா, நீங்க வாயத் தொறக்க விட்டா தானே?"

மார்ச் 14, வெள்ளி

பால் நேரத்துக்குப் போனது. திரும்பி வரும்போது புண்ணாக்கு மூட்டையோடு மேடும் ஏறினோம். முன் சீட்டில் நான் இருந்ததால்தான் மூக்கு தூக்கவில்லையாம். என் எடையை முதல் தடவையாகப் புகழ்ந்திருக்கிறார், போகட்டும்.

பத்து மணிக்கு வீரம்மாக்கா வந்தார். நேரே கொட்டகைக்குப் போனார். ஆணியைப் பார்த்தார்.

"கயிறு எங்கடி?"

நான் வெளியே கை காட்டினேன். வாசலில் கார் நின்றது. கரியரில் காலிக் கேன், அதைச் சுற்றி அவருடைய கயிறு. அக்கா போய் முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

"நல்லா இறுக்கித்தான் கட்டியிருக்க. அவுக்காத."

சீதேவிப் பாலில் கெட்டித் தேத்தண்ணி கொடுத்தேன். இரண்டாம் கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தார். சந்திவரை இவர்தான் காரில் கொண்டுபோய் விட்டார்.

கொட்டகை ஆணி சும்மா கிடக்கிறது. கார் சாவியை அதில் மாட்டச் சொல்லியிருக்கிறேன்.