அடித்தார்களா என்று கேட்டவர்

ஜூலை 8, செவ்வாய்
புழுக்கம். துபாய் தேராவில் என் கடையில் ஏசி மக்கர். மெக்கானிக்குக்கு மூன்றாவது போன், "இன்ஷா அல்லா பாய்" என்கிறான். ஒசாகாவிலிருந்து பழைய கார் பாகங்கள் அனுப்பும் நகாதா வந்திருக்கிறார். பன்னிரண்டு வருட வியாபாரம், சொந்தக் கதை பேசாத மனுஷன். இவர் அப்பா இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பான் சிப்பாய், பர்மாவில் பிரிட்டிஷ்காரனிடம் கைதி. என் வாப்பா அதே முகாமில், விசாரணை அறையில் உட்கார்ந்து எழுதிய குமாஸ்தா. போன மாதம் போனில் வாப்பா கதையைப் பேச்சுவாக்கில் சொல்லித் தொலைத்தேன்; அதே முகாம் என்று பிடித்துக்கொண்டார். அந்த அறையில் அப்பாவுக்கு என்ன நடந்தது என்று கேட்கவே விமானம் ஏறிவிட்டார். வெள்ளி திரும்புகிறார்.

வாப்பா முகாம் நாட்களை எழுதிவைத்த நோட்டு கீழக்கரையில், என் அண்ணன் மூத்த காக்காவிடம்.

ஜூலை 9
காக்காவுக்குப் போன்.
"அவரு அப்பா பேரு நோட்டுல இருக்கு தம்பி. ஆனா படிச்சுக் காட்ட மாட்டேன். புடிபட்டது ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிரும்னு அந்தக் கைதிங்கள்லாம் அழுதாங்களாம். வெளிய சொல்ல மாட்டேன்னு வாப்பா வாக்குக் குடுத்திருக்காக. அது அமானிதம், நம்பி ஒப்படைச்சது."
"குடுத்தவரும் மவுத்தாகி மண்ணுக்குப் போயாச்சு, வாங்குனவனும் மவுத்து, காக்கா."
"அமானிதம் மவுத்தாகாது. வை போனை."
அப்புறம் நாலு தடவை. எடுக்கவில்லை. கஸ்டம்ஸில்கூட இப்படிக் கெஞ்சியதில்லை.
வாங்க வேண்டியது: ரசீது புத்தகம், தலைவலி மாத்திரை, நகாதாவுக்குப் பேரீச்சை.

ஜூலை 10
வாப்பா சொன்ன சங்கதி ஒன்று. விசாரிக்கும் வெள்ளைக்காரன் கேள்வியே கேட்க மாட்டானாம். வேண்டுமென்றே தப்பாகச் சொல்வான். கைதி பொறுக்க மாட்டாமல் திருத்துவான். இன்று காக்கா போனை எடுத்ததும் அதையே அவரிடம் போட்டேன்.
"சரி, அடிச்சுத்தான் உண்மையை வாங்குனாங்கன்னு சொல்லிடறேன்."
"யாருடா அடிச்சது? வாப்பா இருந்த ரூம்ல ஒரு கை ஓங்கல! டீயும் சிகரெட்டும் குடுத்தாக. அவனே பென்சில வாங்கி, தன் ஆளுக பதுங்குன எடத்தை வரைஞ்சு குடுத்துட்டான்!"
வாயை விட்டது அப்புறம்தான் உறைத்திருக்கிறது.
"கழுதை" என்று வைத்துவிட்டார்.
ஜெயித்தாயிற்று. இதைக் கொண்டுபோய் எந்த முகத்தோடு சொல்வது?

ஜூலை 11, வெள்ளி
ஜும்ஆ தொழுகை முடித்து நகாதா தங்கியிருந்த ஓட்டலுக்கு. பெட்டி கட்டித் தயார். நான் உட்காரும் முன்பே அவர்:
"அப்பா காட்டிக்கொடுத்தார், தெரியும். சாகும்போது சொன்னார். அவர் ஆட்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அடித்தார்களா? அது மட்டும் போதும்."
அடித்திருக்க வேண்டுமே என்று ஏங்கியது முகம். எழுபத்தைந்து வயதுக் கிழவர்.
ஓடித் தேய்ந்த இன்ஜினைப் புதுசு மாதிரி என்று எத்தனை பேர் தலையில் கட்டியிருக்கிறேன். நாக்கு ஒருநாளும் இப்படி ஒட்டிக்கொண்டதில்லை.
"ரொம்ப அடித்தார்கள்" என்றேன்.
எழுந்து இடுப்புவரை குனிந்தார். நிமிர நேரமாயிற்று.
"உங்கள் தந்தை அப்போது?"
"பக்கத்தில்தான் இருந்தார். தடுக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தார்."